பூனை நுழையக் கூடாத அறை

அண்மையில் எங்கள் மத்ரஸாவுக்கு ஒரு மூதாட்டி வந்தார். இரு சிறுநீரகங்களும் பழுதுபட்ட அவருடைய மகன், வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவரது அறைக்குள் பூனையை விடவே கூடாது என மருத்துவர் கண்டிப்புடன் கூறிவிட்டாராம். "பூனை நஜீஸ் அன்று என்றுதானே ஹஜ்ரத், நீங்கள் பாடம் சொல்கிறீர்கள்? மருத்துவர் ஏன் இப்படிச் சொல்கிறார்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

அவர் கேட்டதில் தவறில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மிடையே சுற்றித் திரியும் பிராணி என்ற நபி (ஸல்) அவர்களின் கூற்றை எடுத்துரைத்தார்கள். தொழுகைக்குரிய தூய்மை பற்றிய சட்டம் இது. மருத்துவர் பேசுவதோ வேறொரு தூய்மையைப் பற்றி.

வயிற்றினுள் ஒரு வடிகட்டி

வயிற்றின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. இந்தச் சிகிச்சையில் அதுவே வடிகட்டியாகிறது. வயிற்றில் நிலையாகப் பொருத்தப்பட்ட குழாய் வழியே, குளுகோஸ் கலந்த நீர்மம் ஏறத்தாழ இரண்டு லிட்டர் உள்ளே செலுத்தப்படுகிறது. இரத்தத்திலுள்ள கழிவும் மிகுதியான நீரும் சவ்வைக் கடந்து அதில் சேர்கின்றன. சில மணி நேரங்களுக்குப் பின் அதை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புவர். கையால் செய்வோர் நாளொன்றுக்குச் சுமார் நான்கு முறை பை மாற்றுவர். சிலருக்கு இரவில் இயந்திரமே இப்பணியைச் செய்துவிடும்.

தோல் என்னும் கோட்டைச் சுவரில் அல்லாஹ் வைக்காத ஒரு வாசலை, உயிர் காக்கும் பொருட்டு மருத்துவர்கள் திறந்திருக்கிறார்கள். அவ்வாசல் வழியே கிருமி நுழைந்தால் சவ்வு அழற்சியுறும். சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரிய விருந்தாளிகள்

பெரும்பாலும் நோயாளியின் தோலிலும் கையிலும் வாழும் கிருமிகளே இவ்வாறு நுழைகின்றன. எனினும் அரிதாக, எதிர்பாராத கிருமிகளும் வருவதுண்டு. காய்ச்சாத பாலின் மூலம் பரவும் புரூசெல்லா அவற்றுள் ஒன்று; பூனையின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா மற்றொன்று. லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய இக்கிருமி, பெரும்பாலான பூனைகளின் வாயில் அவற்றுக்கு யாதொரு தீங்குமின்றி வாழ்கிறது.

டயாலிசிஸ் குழாயைப் பூனை கடித்ததால் ஒருவருக்கு இக்கிருமித் தொற்று ஏற்பட்டதை, 1987-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். பின்னர் வேறு நாடுகளிலும் இத்தகைய நிகழ்வுகள் பதிவாயின. நெளிந்து கிடக்கும் குழாய் பூனைக்கு விளையாட்டுப் பொருள். அதன் பல் இடும் துளையோ ஊசிமுனையளவு. உறங்குபவர் அதை எங்ஙனம் அறிவார்?

கவனிக்க வேண்டியவை

வடியும் நீர் தெளிவாக இருத்தல் வேண்டும். அது கலங்கியிருந்தாலோ, வயிற்று வலியோ காய்ச்சலோ கண்டாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கலங்கிய நீர்ப் பையையும் உடன் கொண்டு செல்லுங்கள். வீட்டில் பூனை உண்டென்பதை மறவாமல் சொல்லுங்கள். உரிய மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் பாஸ்டுரெல்லா பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடும். குழாயில் துளையோ கசிவோ தென்பட்டால், அதற்கும் உடலுக்கும் இடைப்பட்ட பகுதியை இடுக்கியால் அடைத்துவிட்டு, மருத்துவரை உடனே அணுக வேண்டும்.

ஒளுச் செய்த கைதானே என்று எண்ணி அப்படியே பை மாற்றுவதும் தவறு. சோப்பிட்டு நன்கு கழுவி, ஈரம் போகத் துடைத்து, முகமூடி அணிந்து, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திய பின்னரே அதைத் தொடங்க வேண்டும். குழாய் பொருத்தியவர் குளத்திலோ ஏரியிலோ இறங்கிக் குளித்தல் ஆகாது.

"அப்படியானால் பூனையைத் துரத்திவிடட்டுமா?" என்று அந்தத் தாய் கலங்கினார். வேண்டாம் என்றேன். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அதற்கு உணவிடுங்கள், முற்றத்தில் உலாவ விடுங்கள். மகனின் அறைக் கதவை மட்டும் சாத்தி வையுங்கள். பூனையிடம் இரக்கம் காட்டுவதும் மார்க்கமே. அல்லாஹ் அமானிதமாக அளித்த உடலைப் பேணுவதும் மார்க்கமே.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.