மூளைத் திசுவுக்கு ஒரு சாரம்

பக்கவாதம் தாக்கிப் பல மாதங்கள் கழித்து எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படத்தில், மூளையின் ஒரு பகுதி கருத்த குழியாகத் தெரிவதுண்டு. அங்கிருந்த திசு அழிந்து, நீர் நிறைந்துவிட்ட இடம் அது. “இதை நிரப்ப வழியே இல்லையா?” என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர். ஆய்வகங்களில் அதற்கென ஒரு முயற்சி நடைபெற்று வருகிறது. அது எந்த அளவில் நிற்கிறது என்பதை இங்கு விளக்குகிறோம்.

குழிக்குள் புதிய உயிரணுக்களை மட்டும் செலுத்தினால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடும். பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. நலமான திசுவில் உயிரணுக்களைச் சுற்றி, அவையே உருவாக்கிய ஒரு வலை இருக்கிறது. விலங்கின் திசுவிலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கி, அந்த வலையை மட்டும் எஞ்சவிட்டால், கட்டடத் தொழிலாளர் ஏறி நிற்கும் சாரம்போல அது புதிய உயிரணுக்களைத் தாங்கும். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் இதயத்தை இவ்வாறு கழுவி, புதிய உயிரணுக்களை இட்டு, மெல்லத் துடிக்கவும் வைத்தனர்.

இதயத்தைவிட மூளையில் இது கடினம். இதயத்தின் வலை கொலாஜன் என்னும் உறுதியான புரதத்தாலானது. மூளையிலோ கொலாஜன் மிகக் குறைவு. ஹையலூரானிக் அமிலமும் சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த புரதங்களுமே மிகுதி. இவை எளிதில் கரைந்து போகும். திசுவைத் துண்டுகளாக்கி, உயிரணுக்கள் வெடிக்கும்படி நீரில் ஊறவைத்து, நொதிகளாலும் சவர்க்காரக் கரைசல்களாலும் அலசுகின்றனர். (இவ்வகைப் பணிக்குப் பயன்படும் சோடியம் டோடெசைல் சல்பேட், நம் வீட்டுப் பற்பசையிலும் உள்ள பொருள்தான்.) அதிகம் அலசினால் வலையே சிதைந்துவிடும், குறைத்தால் எஞ்சும் அயல் உயிரணுக்கள் உடலின் எதிர்ப்பைத் தூண்டும். உலர்ந்த திசுவின் ஒரு மில்லிகிராமில் 50 நானோகிராமுக்கும் குறைவான டி.என்.ஏ. மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலர் பின்பற்றும் அளவுகோல்.

இவ்வாறு கிடைத்த வலையை உலர்த்திப் பொடியாக்கி, பெப்சின் நொதியால் கரைக்கலாம். அக்கரைசல் குளிர்ச்சியில் நீர்மமாக இருந்து, 37 டிகிரி உடல் வெப்பத்தில் கூழாக உறையும். குழி எந்த வடிவில் இருந்தாலும் ஊசி வழியே நிரப்ப இது உதவும். பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளில் இதைச் செய்தபோது, எலியின் சொந்த உயிரணுக்கள் கூழுக்குள் நுழைந்தன. ஆனால் முதலில் நுழைந்தவற்றில் பெரும்பாலானவை நோயெதிர்ப்பு உயிரணுக்களே. மேலும் அவர்கள் பயன்படுத்தியது மூளையிலிருந்து எடுத்த வலையன்று. பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்தது.

ஆகவே இது இன்று எந்த நோயாளிக்கும் அளிக்கத்தக்க சிகிச்சை அன்று. பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் செலுத்துவதைக்கூட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. நகையை அடகு வைத்துப் பணம் கட்ட ஆயத்தமாகி எங்களிடம் வரும் குடும்பத்தினரைக் காண்கையில் வருந்துகிறோம். இத்தகைய சிகிச்சையை யாரேனும் முன்மொழிந்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்குரிய பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்த விலங்கின் திசு என்பதையும் கேளுங்கள், சிலருக்கு அது சமய நெறி சார்ந்த செய்தி. கையொப்பமிடுவதற்கு முன் அந்தத் தாளுடன் எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். இதற்கிடையே இயன்முறைப் பயிற்சியை ஒரு நாளும் நிறுத்த வேண்டா.