நோயும் பெயரும்

ஒன்றற்குப் பெயரிடுதல் அதனை அறிந்துகொள்வதன் முதற்படியாகும். இது நோய்க்கும் பொருந்தும். நீரிழிவு, யானைக்கால், மாலைக்கண், மஞ்சள் காமாலை முதலிய தமிழ்ப் பெயர்கள் நோயின் அறிகுறியையே எடுத்துரைக்கின்றன. ஐரோப்பிய மருத்துவத்தில் இம்முறையோடு மற்றொரு வழக்கமும் வேரூன்றியது. ஒரு நோயைத் தெளிவுற விளக்கிய மருத்துவரின் பெயரையே அந்நோய்க்குச் சூட்டுவது அவ்வழக்கம். பார்க்கின்சன் நோய், அல்சைமர் நோய், ஹான்சன் நோய் ஆகியன இவ்வாறு பெயர்பெற்றவை.

இப்பெயர்களைப் பெரும்பாலும் பிறரே சூட்டினர். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டு ஆறு நோயாளர்களின் நிலையை விளக்கிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அந்நோயை அவர் 'நடுக்குவாதம்' எனப் பொருள்படும் பெயரால் குறித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் சார்க்கோ அப்பெயரை ஏற்க மறுத்தார். நோயாளர் அனைவருக்கும் நடுக்கம் தோன்றுவதில்லை. வாதத்தில் நிகழ்வதுபோல் உறுப்புகள் செயலிழப்பதும் இல்லை என்பதை அவர் கண்டிருந்தார். ஆகவே, பார்க்கின்சனின் பெயராலேயே நோயை அழைத்தார். அறிகுறிப் பெயர் பிழைபட்ட இடத்தில் ஆட்பெயர் துணைநின்றது.

பெயரின் பிழை அறிவைக் குழப்புவதோடு நிற்பதில்லை. சில வேளைகளில் மனிதரையும் இழிவுபடுத்துகிறது. பிறவியிலேயே அமையும் ஒருவகை அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை 1866 ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் விளக்கினார். அக்குழந்தைகளின் முகச்சாயலை மங்கோலிய இனத்தாரோடு ஒப்பிட்டு அவர் எழுதியதால், நோய்ப்பெயரும் அவ்வினத்தைச் சுட்டுவதாயிற்று. ஆனால், 21 ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதே இதற்குக் காரணம் என 1959 இல் தெரியவந்தது. இந்நிலைக்கும் எந்த இனத்துக்கும் தொடர்பில்லை. 1961 இல் மரபியல் அறிஞர்கள் பழைய பெயரைக் கைவிட வேண்டும் என வலியுறுத்தினர். 1965 இல் மங்கோலிய நாடும் உலகச் சுகாதார நிறுவனத்திடம் அவ்வாறே வேண்டியது. டவுன் கூட்டறிகுறி என்னும் பெயர் நிலைபெற்றது. டவுன் அளித்த விளக்கத்தின் இழிவை நீக்க அவர் பெயரே பயன்பட்டது.

தொழுநோயின் வரலாறும் எண்ணத்தக்கது. அது பரம்பரை நோய் என்றும், பாவத்தின் பயன் என்றும் கருதப்பட்ட காலத்தில், 1873 ஆம் ஆண்டு நார்வே மருத்துவர் ஆர்மாவர் ஹான்சன் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பழைய பெயரோடு ஒட்டியிருந்த வெறுப்பைக் களைய 'ஹான்சன் நோய்' என்னும் பெயர் உதவியது. பிரேசில் நாடு 1995 இல் சட்டம் இயற்றி, அரசு வழக்கில் பழைய பெயரை விலக்கியது. ஆயினும், நோய் தொற்றுவதை நிறுவ விரும்பிய ஹான்சன், பெண் நோயாளி ஒருவரின் இசைவு பெறாமலே அவர் கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்தினார். 1880 இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. அறிவுக்குத் தொண்டாற்றியவரும் நோயாளரின் உரிமையை மீறலாகாது என்பதற்கு அத்தீர்ப்பு சான்றாகும்.

சூட்டிய பெயரைத் திரும்பப் பெற்ற நிகழ்வும் உண்டு. செருமானிய மருத்துவர் ஹான்ஸ் ரைட்டரின் பெயரை ஒருவகை மூட்டழற்சிக்கு வழங்கலாம் என 1942 இல் அமெரிக்க மருத்துவர் இருவர் முன்மொழிந்தனர். ரைட்டரோ நாசி அரசில் உயர்பதவி வகித்தவர். வதைமுகாமில் கைதிகள்மீது நடத்தப்பட்ட மருத்துவச் சோதனைகளில் தொடர்புடையவர். அவ்விருவருள் ஒருவரான எங்கிள்மன், 65 ஆண்டுகள் கழித்து, 2007 இல், வேறு மருத்துவர்களுடன் சேர்ந்து அம்முன்மொழிவைத் திரும்பப் பெற்றார். இன்று அந்நோய் எதிர்வினை மூட்டழற்சி எனப்படுகிறது.

இத்தகைய பட்டறிவின் விளைவாக, புதிய தொற்றுநோய்களுக்கு ஆட்பெயர், ஊர்ப்பெயர், விலங்கின் பெயர் ஆகியவற்றை இடுதல் கூடாது என 2015 ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்தது. 2020 இல் கோவிட்-19 என்னும் பெயர் இந்நெறிப்படியே அமைந்தது. வைரசின் வகையையும் நோய் தோன்றிய ஆண்டையும் மட்டுமே அப்பெயர் குறிக்கிறது.

நோய்ப்பெயர் நூல்களில் மட்டும் வழங்குவதன்று. மருத்துவச் சீட்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அண்டை வீட்டார் பேச்சிலும் அது ஒரு மனிதரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கண்டறிந்தவரைப் போற்றுவது நன்றியறிதலாகும். ஆயினும், அப்பெயரை வாழ்நாள் முழுதும் சுமப்பவர் நோயாளரே. எனவே, பெயரிடுவோர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது அவருடைய மதிப்பையே.