அதிகாலை 6 மணிக்கு வர வேண்டிய அறிவிப்பு 9 மணிக்கு வருவது ஏன்? ஆலய, சங்க வலைப்பதிவுகளுக்கு ஒரு விளக்கம்

கிள்ளான் - ஆலயத் திருவிழா, தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பதிவு, உபகாரச் சம்பள விண்ணப்பம், இரங்கல் செய்தி என நம் சமூகத்தின் பல அறிவிப்புகள் இன்று சிறிய வலைப்பதிவுகள் வழியாகவே போய்ச் சேருகின்றன. பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் சங்கங்களானாலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் முன்னாள் மாணவர் குழுக்களானாலும், பெரும்பாலும் வேர்ட்பிரஸ் மென்பொருளில்தான் பதிவு எழுதுகிறார்கள். மாதக் கட்டணம் குறைவு என்பதால் பலருடன் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங் சேவையில் அதை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவுகளைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்கள். பகலில் வேலை, இரவில்தான் பதிவு. ஆகவே இரவே எழுதி, "நாளைக் காலை 6 மணிக்கு வெளியிடு" என்று நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். காலையில் பார்த்தால் அறிவிப்பு வந்திருக்காது. 9 மணிக்கு யாரோ பக்கத்தைத் திறந்த பிறகுதான் அது வெளியாகும். சில வேளைகளில் பதிவுப் பட்டியலில் "தவறிய அட்டவணை" என்ற சிவப்பு எழுத்து மட்டும் நிற்கும். காலை 10 மணிக்கு இறுதிச் சடங்கு என்றால், 9 மணிக்கு வரும் செய்தியால் யாருக்குப் பயன்?

இதற்குக் காரணம் என்ன, சரிசெய்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கிராணியும் கிரானும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியற்காலையில் மணி அடிக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குறித்த நேரத்தில் கிராணி பெயர்ப் பட்டியலுடன் நிற்பார்.

கணினி உலகிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் கிரான். காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்துடன் வந்த இந்தச் சிறு நிரல், இன்றும் உலகின் பெரும்பாலான சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கும். அந்த நிமிடத்துக்கு ஏதாவது வேலை எழுதி வைக்கப்பட்டிருந்தால் அதைச் செய்யும். அவ்வளவுதான் அதன் கடமை.

2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், சாதாரண மக்கள் எந்தச் சர்வரில் வேண்டுமானாலும் நிறுவக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விரும்பியது. எல்லா ஹோஸ்டிங் சேவையிலும் கிரான் வசதி கிடைக்கும் என்று நம்ப முடியாது. எனவே அது தனக்கென்று ஒரு மாற்று வழியை வைத்துக்கொண்டது. அதன் பெயர் டபிள்யூபி-கிரான்.

பெயரில் கிரான் இருந்தாலும் அதனிடம் சொந்தக் கடிகாரம் இல்லை. யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது விழித்து, "செய்ய வேண்டிய வேலை ஏதாவது நிலுவையில் உள்ளதா?" என்று பார்க்கும். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் மட்டுமே கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கும் கடைக்காரரைப் போன்றது இது. கூட்டம் மிகுந்த கடையில் குறை தெரியாது. நாளுக்கு இருபது பேர் மட்டும் வந்து போகும் சங்கப் பதிவில், நள்ளிரவு முதல் காலை வரை யாரும் வராவிட்டால் எந்த வேலையும் நடக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பலர் கேஷ் வசதியைப் போட்டிருப்பார்கள். அப்போது வருகையாளருக்கு முன்பே தயாரித்து வைத்த நகல்தான் போகிறது; வேர்ட்பிரஸ் விழிப்பதே இல்லாமல் போகலாம். ஆள் வந்தும் மணி அடிக்காத நிலை அது.

பாதிப்பு அறிவிப்போடு நிற்பதில்லை

நேரம் குறித்த பதிவுகள் மட்டும் டபிள்யூபி-கிரானை நம்பியிருக்கவில்லை. மின்மடல் அனுப்பும் பிளகின், நிகழ்ச்சி நினைவூட்டும் பிளகின், காப்புநகல் எடுக்கும் பிளகின் எல்லாமே அதையே நம்பியுள்ளன.

இதில் காப்புநகல்தான் பெரிய விஷயம். புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், மிட்லண்ட்ஸ் போன்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. லயங்கள் இருந்த பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் வந்துவிட்டன. பழைய பள்ளிப் படங்கள், ஆலயத் திருவிழாப் படங்கள், முதியவர்கள் சொன்ன கதைகள் ஆகியவற்றை யாரோ ஒருவர் சிரமப்பட்டுத் தேடி வலைப்பதிவில் ஏற்றியிருப்பார். வாரந்தோறும் காப்புநகல் எடுக்கப்படுகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். வருகையாளர் குறைந்த பதிவில் அந்த வேலை பல வாரம் நடக்காமலேயே போகக்கூடும். பதிவு ஊடுருவப்பட்டு அழிந்த நாளில்தான் கடைசி நகல் எவ்வளவு பழையது என்பது தெரியவரும்.

தமிழைக் கணினியில் ஏற்றுவதில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985-இல் இங்கேதான் உருவானது. 2001-இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் நடைபெற்றது. அந்த உழைப்பின் பயனால் எழுதி ஏற்றியவற்றைக் காத்து வைப்பது இப்போது ஒவ்வொரு சங்கத்தின் பொறுப்பு.

சரிசெய்யும் முறை

முதலில் நேர வலயத்தைப் பாருங்கள். வேர்ட்பிரஸில் 'அமைப்புகள்' பகுதியில் 'பொது' என்பதைத் திறந்தால் நேர வலயப் பட்டியல் இருக்கும். அதில் ஆசியாவின் கீழ் 'கோலாலம்பூர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதே பட்டியலில் 7 மணி 30 நிமிடம் முன்னால் என்ற தேர்வும் உண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதற்கு முன்புதான் ஏழரை மணி நேரம். ஆகவே எண்ணைத் தேடாமல் ஊர்ப் பெயரையே தேர்வு செய்வது நல்லது.

இரண்டாவதாக, 'கருவிகள்' பகுதியில் 'தள நலம்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். திட்டமிட்ட வேலை தாமதமானாலோ தவறினாலோ அங்கே எச்சரிக்கை இருக்கும்.

மூன்றாவதாக, உண்மையான கிரானை அமர்த்த வேண்டும். பெரும்பாலான ஹோஸ்டிங் சேவைகள் சிபேனல் என்ற நிர்வாகப் பலகையைத் தருகின்றன. அதில் 'கிரான் ஜாப்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் ஐந்து கட்டங்கள் தெரியும். அவை முறையே நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி இட்டால் 'ஒவ்வொன்றும்' என்று பொருள். நமக்கு வேண்டியது இதுதான்:

*/15 * * * *

15 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை செய் என்பது இதன் பொருள். கீழே கட்டளை எழுதும் இடத்தில், உங்கள் வலைப்பதிவின் டபிள்யூபி-கிரான் கோப்பை அழைக்கும் வரியை இட வேண்டும். அந்த வரி சேவைக்குச் சேவை சற்று மாறும் என்பதால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் உள்ளதை எழுத்து மாறாமல் நகலெடுத்து, முகவரியை மட்டும் உங்களுடையதாக மாற்றுங்கள். தேடிக் கிடைக்காவிட்டால் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். இது அவர்களிடம் அடிக்கடி வரும் கேள்விதான்.

நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடாதீர்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 96 அழைப்பு. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,440. பகிர்வு ஹோஸ்டிங் என்பது ஒரே குழாயில் பல வீடுகள் தண்ணீர் பிடிப்பது போன்றது. ஒருவர் அளவுக்கு மீறினால் அவருடைய கணக்கையே நிறுத்தி வைப்பார்கள். சில நிறுவனங்கள் 15 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளியை அனுமதிப்பதும் இல்லை.

நான்காவதாக, இது அமைந்த பிறகே வேர்ட்பிரஸின் பழைய வழியை நிறுத்துங்கள். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், 'டிசேபிள் டபிள்யூபி கிரான்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று குறிக்கும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். "இதற்குக் கீழே திருத்த வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் வரிக்கு மேலே அது இடம்பெற வேண்டும். கோப்பைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறி, பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை அமைக்க மறந்தால், தாமதமாகவாவது நடந்த வேலைகளும் அடியோடு நின்றுவிடும்.

ஐந்தாவதாக, சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து வெளியாகும்படி ஒரு சிறு பதிவைக் குறித்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுங்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் அது வெளியாகியிருந்தால் அமைப்பு சரி. அதன் பிறகு பதிவுகளை 6.00, 6.15 என்று கால் மணிக் கணக்கில் குறித்தால் தாமதமும் பெரிதாகத் தெரியாது.

இடறும் இடங்கள்

மேலே சொன்ன முறையில் கிரான் தட்டி எழுப்புகிறது. எந்த வேலையை எப்போது செய்வது என்பதை வேர்ட்பிரஸ் தன் கோலாலம்பூர் நேரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. எனவே சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் கவலை இல்லை. ஆனால் ஒரு வேலைக்குக் கிரானிலேயே நேரடியாக நேரம் குறித்தால் அது சர்வரின் நேரப்படிதான் ஓடும். ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் காப்புநகல் வேண்டும், சர்வரோ உலகப் பொது நேரத்தில் இருக்கிறது என்றால், அங்கே அது சனிக்கிழமை இரவு 7 மணி. எழுத வேண்டியது:

0 19 * * 6

இங்கே 6 என்பது சனிக்கிழமை. ஞாயிறு 0. மணி மட்டுமல்லாமல் கிழமையும் மாறுவதைக் கவனியுங்கள்.

தேதியையும் கிழமையையும் ஒன்றாகக் குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் திரளும் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நினைவூட்டல் அனுப்ப நினைத்து, தேதிக் கட்டத்தில் 18-30, மாதத்தில் 9, கிழமையில் 6 என்று ஒருவர் எழுதினால், சனிக்கிழமை மட்டும் போகும் என்று எதிர்பார்ப்பார். கிரான் அப்படிப் படிக்காது. இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். செப்டம்பர் 18 முதல் 30 வரை தினமும் போகும். மாதத் தொடக்கச் சனிக்கிழமைகளிலும் போகும். நான்கைந்து சனிக்கிழமைகள்தான் என்பதால், இத்தகைய அறிவிப்புகளை வேர்ட்பிரஸிலேயே தனித்தனிப் பதிவாக நேரம் குறித்து வைப்பது எளிது.

கிரான் ஒவ்வொரு முறை ஓடும்போதும் மின்னஞ்சல் அனுப்பக்கூடும். நாளுக்கு 96 கடிதம் வந்து பெட்டி நிறைந்துவிடும். முதல் நாள் மட்டும் அதை வைத்திருந்து, வேலை நடக்கிறது என்று உறுதியானதும் நிறுத்திவிடலாம்.

காப்புநகலை அதே ஹோஸ்டிங் கணக்கில் மட்டும் வைத்திருப்பது வீட்டுச் சாவியின் நகலை வீட்டுக்குள்ளேயே வைப்பதற்குச் சமம். கட்டணம் கட்டத் தவறிக் கணக்கு முடங்கினால் பதிவும் நகலும் சேர்ந்தே போய்விடும். ஒரு பிரதியை இணையச் சேமிப்பிலோ செயற்குழு உறுப்பினர் ஒருவரின் கணினியிலோ வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து, தேதி புதியதா என்று பார்ப்பது அவசியம்.

இவை அனைத்தையும் ஒரே மாலையில் செய்து முடிக்கலாம். சிபேனல் கடவுச்சொல் யாரிடம் உள்ளது, ஹோஸ்டிங் கட்டணம் எந்த மாதம் கட்ட வேண்டும், கிரானில் எழுதப்பட்ட வரி என்ன என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்கக் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொறுப்பாளர் மாறினாலும் வேலை நிற்காது.