மாநில உரிமையும் முட்டைக்கோசும்

ஜோசப் பிரவுன் 1857 முதல் 1865 வரை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்தார். அங்கே ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதிகாரத்தில் இந்திய முதலமைச்சருக்கு நிகரானவர் அவர். பிரவுன் மலைப்பகுதி விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, வக்கீல் தொழிலில் பணம் பார்த்து, நிலமும் அடிமைகளும் வாங்கியவர்.

1860-ல் ஜார்ஜியாவின் மக்கள்தொகை சுமார் 10,57,000. அதில் ஏறக்குறைய 4,62,000 பேர் அடிமைகள். ஆனால் வெள்ளையர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் ஓர் அடிமைகூட இல்லை. பருத்திப் பண்ணையாரின் சொத்தைக் காக்க இந்த ஏழைகள் ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும்? அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றதும், அதே ஆண்டு டிசம்பரில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் பிரவுன் இதற்குப் பதில் சொன்னார். அடிமைகளை விடுவித்தால் முதலாளிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க ஏழைகள் தலையிலும் வரி விழும். விடுதலையானவர்கள் வேலைக்குப் போட்டியாக வருவார்கள், கூலி சரியும். கறுப்பரோடு சரிசமமாகப் புழங்க வேண்டிவரும். பயமுறுத்தல்தான், ஆனால் யாரிடம் எது எடுபடும் என்று தெரிந்து எழுதியது.

அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதா என்று முடிவு செய்யும் மாநாட்டுக்கு 1861 ஜனவரி 2-ல் தேர்தல் நடந்தது. மாநாடு கூடும் வரைகூட பிரவுன் பொறுக்கவில்லை. மறுநாளே அவருடைய படை சவானா அருகே இருந்த மத்திய அரசின் புலாஸ்கி கோட்டையைப் பிடித்தது. ஜனவரி 19-ல் 208-க்கு 89 என்ற வாக்கில் ஜார்ஜியா பிரிந்தது. மக்கள் போட்ட வாக்குக் கணக்கை அவர் வெளியிடவே மாதங்கள் ஆயின. அவர் காட்டிய பெரிய வித்தியாசத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. போட்டி மிக நெருக்கமாக இருந்தது என்பது அவர்கள் முடிவு.

பிரிந்த தென்மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் போர் தொடங்கியபின், மத்திய அரசுக்கு எதிரான அதே மாநில உரிமை வாதம், அந்த மாநிலங்கள் அமைத்த தென்கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பக்கம் திரும்பியது. 1862-ல் வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைப் பிரவுன் கடுமையாக எதிர்த்தார். மாநில அலுவலர், காவல்படை அதிகாரி என்று பெயர் சூட்டி ஆயிரக்கணக்கானோரை விலக்கி வைத்தார். ஊரார் அவர்களை ‘பிரவுனின் செல்லப்பிள்ளைகள்’ என்று கேலி செய்தனர். துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நீளக் கம்பில் கத்தி பொருத்திய ஈட்டிகளைச் செய்யச் சொன்னார். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் படைவீரர் குடும்பங்களுக்கு உப்பு கிடைக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. ஏழைகளிடம் அவருக்குச் செல்வாக்கு நிலைத்தது அதனால்தான்.

1864 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரம் வடக்குப் படையிடம் வீழ்ந்ததும், மாநிலக் காவல்படையை அறுவடைக்கென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நவம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை தலைநகர் மில்லெட்ஜ்வில்லுக்குள் நுழைந்தபோது ஆளுநர் மாளிகையில் கம்பளமில்லை, திரைச்சீலையில்லை. சமையலறை முட்டைக்கோஸ்கூட அவரோடு ரயிலேறியிருந்தது என்கிறார் ஷெர்மன். துப்பாக்கிகளும் அரசு ஆவணங்களும் மட்டும் அங்கேயே கிடந்தனவாம்.

1865 தொடக்கத்தில், வேறு வழியின்றி அடிமைகளையே படையில் சேர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பிரவுன் மறுத்தார். அவர்கள் நல்ல வீரர்கள் என்று ஒப்புக்கொண்டால் விடுதலைக்குத் தகுதியற்றவர்கள் என்ற தங்கள் கொள்கையே இடிந்துவிடும் என்றார்.

தோல்விக்குப்பின் கைதாகி, வாஷிங்டன் சிறையில் சிலநாள் இருந்து, மன்னிப்பும் பெற்றார். பிறகு லிங்கனின் குடியரசுக் கட்சியிலேயே சேர்ந்து மாநிலத் தலைமை நீதிபதியானார். பின்னர் தன் பழைய ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பி 1880-ல் செனட்டரும் ஆனார். இடையே மாநில அரசின் ரயில்பாதையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். டேட் வட்டாரத்தில் அவருடைய சுரங்கங்களில் நிலக்கரி வெட்டியவர்கள் அரசிடமிருந்து வாடகைக்கு எடுத்த கைதிகள், பெரும்பாலோர் கறுப்பர்.