மொட்டைத் தலையும் மகனுக்கு ஒரு கடிதமும்

1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனமானது. அதற்குப் பிறகு கல்கத்தாவில் ஒரு பத்திரிகையாளர் தலையை மழித்துக்கொண்டார். உறவினர் யாரும் இறந்துவிடவில்லை. எழுத்துரிமை செத்துப்போனதற்கான துக்கம் அது. ஆனந்த பஜார் பத்திரிகாவில் எழுதிவந்த கௌர் கிஷோர் கோஷ், அப்பா ஏன் மொட்டையடித்துக்கொண்டார் என்பதைத் தன் 13 வயது மகனுக்கு ஒரு கடிதத்தில் விளக்கினார். ஜோதிர்மய் தத்தாவின் 'கொல்கத்தா' என்ற வங்காள இதழ் அதை வெளியிட்டது. விளைவு, மிசா சட்டத்தில் சிறை. அங்கே மூன்றாவது மாரடைப்பும் வந்தது. கடிதம் மட்டும் ரகசியமாகக் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஆனால் கல்கத்தா மாணவர்களின் கஷ்ட காலம் அந்த ஜூன் இரவில் தொடங்கியதல்ல. 1970இல் நக்சலைட் இளைஞர்கள் கல்லூரிச் சதுக்கத்தில் வித்யாசாகர் சிலையின் தலையைத் துண்டித்தனர். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கோபால் சென் கொல்லப்பட்டார். 1971 ஆகஸ்டில் காசிப்பூர்-பாராநகரில் இளைஞர்கள் வேட்டையாடப்பட்டனர். தேர்வுகள் தள்ளிக்கொண்டே போயின. நடந்தாலும் பகிரங்கமாகப் புத்தகத்தை விரித்துவைத்து எழுதினார்கள். இந்தக் கும்பல் காப்பிக்கு வங்காளத்தில் தனிப் பெயரே உண்டு: 'கணோ டோக்காடுக்கி'. (நக்சலைட்டுகளின் வன்முறையையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்தவர்தான் கோஷ்.)

எனவே நெருக்கடி நிலை வந்தபோது பெற்றோர் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால் அதில் வியப்பில்லை. இந்திரா காந்தியின் 20 அம்சத் திட்டத்தில் மாணவர்களுக்கென்றே சலுகைகள் இருந்தன: கட்டுப்பாட்டு விலையில் பாடப் புத்தகம், நோட்டு, விடுதிகளுக்கு அத்தியாவசியப் பொருட்கள். மாணவர் தலைவராக இருந்து இருபதுகளிலேயே அமைச்சராகிவிட்ட சுப்ரதா முகர்ஜி போன்றவர்களுக்கு அது பொற்காலம். எதிரணி மாணவனுக்கோ வாயைத் திறந்தால் வழக்குகூட இல்லாத சிறை. பாட்டுக்கும் தப்பவில்லை. அரசுப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்க மறுத்த கிஷோர் குமாரின் குரல் 1976 மே மாதம் வானொலியிலிருந்து மறைந்தது.

பிரகடனத்துக்குச் சட்ட வழி சொல்லிக்கொடுத்தவரே மேற்கு வங்க முதல்வர் சித்தார்த்த சங்கர் ராய்தான். அவருடைய மாநிலம் முன்பே ஒத்திகை பார்த்துவிட்டிருந்தது. பள்ளித் தலைமை ஆசிரியை அர்ச்சனா குஹா 1974 ஜூலையில் கைதானார். போலீஸ் தேடியது அவருடைய தம்பியை. லால்பஜார் போலீஸ் தலைமையகத்தில் நடந்த சித்திரவதை அவரை நடக்க முடியாதவராக்கியது. 1977இல்தான் விடுதலை. பொறுப்பான அதிகாரிக்குத் தண்டனை கிடைக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1977 மார்ச் 21இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. ஜூனில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. சிறைக் கதவுகள் திறந்தன. ஆனால் பள்ளிகளைப் பொறுத்தவரை ஒரு மாற்றம் நிலைத்துவிட்டது. 1976இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது நிறைவேறிய 42வது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1978இல் வந்த 44வது திருத்தம் நெருக்கடிக் கால மாற்றங்கள் பலவற்றை நீக்கியது. கல்வியை அது தொடவில்லை. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று தமிழக அரசியல் கட்சிகள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.