வாசல் மாறிய விருந்தாளி

ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருந்தால், கடிதத்தில் கதவு எண் மட்டும் போதுமா? பெயரும் வேண்டுமல்லவா? ஒரே கணிப்பொறியில் பல இணையத்தளங்கள் குடியிருப்பதும் அப்படித்தான். எண் முகவரி எல்லாவற்றிற்கும் ஒன்றே. ஆகவே, நாடும் தளத்தின் பெயரையும் உலாவி கட்டாயம் சொல்ல வேண்டுமென 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதித்தது.

ஒரு கோப்புறையின் முகவரியை, இறுதிச் சாய்கோட்டை விட்டுவிட்டுக் கேட்கிறீர்கள் என்று கொள்வோம். வழங்கி 301 என்ற எண்ணுடன், சாய்கோடு சேர்த்த முழு முகவரியை எழுதித் திருப்பியனுப்பும். அதில் யார் பெயரை எழுதும்? அங்கேதான் வம்பு! அப்பாச்சி 1.3இல், நீங்கள் சொன்ன பெயரை விட்டுத் தன் குறிப்பேட்டிலுள்ள பெயரை எழுதுவதே இயல்பான அமைப்பாக இருந்தது. உங்கள் தளத்திற்குத் தனிப்பெயர் குறிக்கப்படாவிட்டால் வேறொரு பெயர் விழக்கூடும். நீங்கள் அடுத்த வீட்டு வாசலில் நிற்பீர்கள். தளந்தோறும் பெயரைக் குறித்துவிட்டால் தொல்லை தீரும். ஆனால் உலாவி பழைய 301ஐ நினைவில் வைத்திருக்கக்கூடும். அதை அழித்துவிட்டே சோதியுங்கள்.