முதுகெலும்பு நோய்களும் மருத்துவச் சேவையும்
சித்தூர் – திருப்பதி வட்டாரம் காட்டும் வழி

உயிரைப் பறிக்கும் நோய்கள் இறப்புப் பதிவேடுகளில் இடம் பெறுகின்றன. அதனால் திட்டமிடுவோரின் கவனத்தையும் பெறுகின்றன. உழைக்கும் ஆற்றலைப் பறிக்கும் நோய்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுள் தலையாயது முதுகுவலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் இடுப்பு முதுகுவலியால் அவதியுற்றனர். 2050-க்குள் இத்தொகை 84.3 கோடியாகும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

நாள்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் ஒருவர் குனிந்து நிமிர இயலாமற் போனால், சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் ஒருசேர வந்து தாக்குகின்றன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நிலக்கடலை வயல்களிலும் மாந்தோப்புகளிலும் கல் குவாரிகளிலும் நடைபெறும் வேலைகளில் பல, முதுகின் வலுவை நம்பியவையே ஆகும்.

அறுவை எப்போது தேவை?

இடுப்பு முதுகுவலியில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு, குறிப்பிட்ட நோய் எதையும் காரணமாகச் சுட்ட இயலாத வகையைச் சேர்ந்தது. புதிதாக வரும் வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. நீண்ட நாள் படுக்கையில் கிடப்பது நன்மையை விடத் தீமையே செய்யும். இயன்றவரை நடமாடுவதும், முறையான உடற்பயிற்சியும், வேலை செய்யும் முறையில் மாற்றமுமே தக்க சிகிச்சையாகும். நீடித்த வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் நோயாளிக்குக் கல்வி, உடற்பயிற்சி ஆகியவற்றை வலியுறுத்துகின்றன.

எஞ்சிய சிறு பகுதியினருக்கோ காலதாமதம் பெருங்கேடாக முடியும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நெருக்கினால், கால்கள் வலுவிழக்கும். மறைவிடப் பகுதி மரத்துப் போகும். சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமற் போகும். இந்நிலையில் நோயாளியை அன்றே அறுவை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். காய்ச்சலும் உடல் மெலிவும் இரவு வலியும் சேர்ந்து வந்தால், முதுகெலும்புக் காசநோயா என ஆராய்தல் வேண்டும். இதனை உரிய காலத்தில் கண்டறிந்தால், பெரும்பாலும் மருந்தினாலேயே குணப்படுத்தலாம். விபத்தில் அடிபட்டவரைக் கையையும் காலையும் பற்றித் தூக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதவாறு தட்டையான பலகையில் கிடத்திக் கொண்டு செல்ல வேண்டும். தவறாகத் தூக்குவதனால் தண்டுவடம் மேலும் சேதமுற்று, நிலையான முடக்கம் நேரக்கூடும்.

வட்டாரத்தின் வளம்

இவ்வட்டாரம் சிறப்பு மருத்துவத்தில் நல்வாய்ப்புப் பெற்றதாகும். சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், அந்நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் செய்தார்; 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1985-இல் தோன்றிய ‘பேர்ட்’ மருத்துவமனை, இளம்பிள்ளைவாதம், முதுகெலும்புக் காயம் போன்றவற்றால் ஊனமுற்றோர்க்குச் சேவை புரிகிறது. 1993-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையத்தில் நரம்பு அறுவைத் துறை இயங்கி வருகிறது.

இடைவெளி எங்கே?

உச்சியில் இத்தகைய நிறுவனங்கள் இருப்பது மட்டும் போதாது. சாதாரண வலிக்காரர்கள் நேரே பெரிய மருத்துவமனையை நாடினால், அங்கு வரிசை நீளும். அவசர அறுவை தேவைப்படுவோர் கிராமத்தில் தைலம் தேய்த்துக் கொண்டு நாட்களைக் கடத்தினால், அந்த அறுவைக் கூடத்தால் அவர்களுக்குப் பயன் இல்லை. இரு பிழைகளையும் களையும் இடம் ஆரம்ப சுகாதார நிலையமே. நரம்பு நெருக்கத்தின் அறிகுறிகளை அறிய எம்.ஆர்.ஐ. கருவி தேவையில்லை, சில கேள்விகளும், கால் வலுவையும் தொடு உணர்வையும் சோதிக்கும் எளிய முறையுமே முதற்படிக்குப் போதுமானவை.

நிதி ஏற்பாடும் கருதத்தக்கது. ஆந்திரப் பிரதேசத்தில் 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டமும், 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் ஏழைகளுக்கு அறுவை சிகிச்சையை எட்டச் செய்துள்ளன. ஆனால் இத்தகைய காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. வாரந்தோறும் வந்து பயிற்சி பெறுபவரின் பேருந்துக் கட்டணமும், அன்றைய கூலி இழப்பும் அதில் அடங்குவதில்லை. அறுவைக்குப் பணம் உண்டு, பயிற்சிக்கு இல்லை என்ற நிலையில், தேவையற்ற அறுவையை நோக்கி நோயாளி தள்ளப்படும் அபாயம் உள்ளது.

எனவே, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கு அபாய அறிகுறிகளில் பயிற்சி, வட்டார மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவர், அவசர நோயாளியைத் தாமதமின்றி மேலே அனுப்பும் ஏற்பாடு, அறுவைக்குப் பின் சொந்த ஊர் அருகிலேயே மறுவாழ்வுப் பயிற்சி ஆகிய நான்கும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாக அமைதல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது, காப்பாற்றப்படும் உழைப்பு நாட்களையும் வரவுப் பக்கத்தில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.